இரண்டு புள்ளி நான்கு விநாடி

பெருங்குடி, ஐந்தாவது மாடி, காதில் ஹெட்ஃபோன்.
ரோஸ்விதா என்றொருத்தி, ஸ்வேபியக் கிராமத்துக்காரி,
தன் வீட்டு நாயைப் பற்றிச் சொல்கிறாள்.
வகுப்பில் நான் படித்த ஜெர்மன் இல்லை இது.
அழுத்தம் விழும் அசையில் குரல் குனிந்து
அடுத்ததில் நிமிர்கிறது,
வேளச்சேரிப் பள்ளத்தில் இறங்கி ஏறும்
ஷேர் ஆட்டோ மாதிரி.

எனக்குச் சொல் கணக்கில்தான் கூலி.
மௌனத்துக்கு ஓர் அடைப்புக்குறி,
உள்ளே விநாடி.

நாய் வந்துவிட்டது. மாமனார் வந்துவிட்டார்.
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி,
கண்ணாடித் தம்ளரில் அவருடைய பல் செட்,
தோட்டத்துக் கதவு, மழை, எல்லாம் வந்தாயிற்று.
என்ன செய்தது நாய்?
வினைச்சொல்லைக் கடைசிக்கு ஒதுக்கும் பேச்சு அதுவும்.
அதை நாக்கடியில் அடக்கிக்கொண்டு
ரோஸ்விதா எங்கோ ஒரு கரண்டியைக் கீழே வைக்கிறாள்.
(2.4)
புதைத்துவிட்டது.

அங்கே இருந்தவர்கள் சிரித்ததை
‘சிரிப்பு’ என்று தட்டினேன்.
நான் சிரித்ததற்குக் குறியீடு இல்லை.

"மௌனத்த வெட்டின ஃபைல் இருக்கே,
அதக் கேட்டா சீக்கிரம் முடியும்" என்றார் ஜெயசீலன் சார்.
கேட்டேன்.
நாய் பல் செட்டைப் புதைத்துவிட்டது.
எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ராத்திரி கந்தன்சாவடி டீக்கடையில்
தண்ணி லாரி ஓட்டும் தேசிங்கு:
"மணி ஒண்ணரை. வண்டி நிக்குது. ஆளக் காணோம்.
நம்ம மச்சான் இன்னா பண்ணிகிறான்,
டேங்க்கு மேல ஏறி, மூடியத் தொறந்து,
உள்ள கால வுட்டுகினு, அப்டியே கம்முனு..."
கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனான்.
மாஸ்டர் ஆற்றிய டீ பாதி வழியில் நின்றது,
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.
ஒரு பஸ் கடந்தது. ஒன்று. இரண்டு. அப்புறம் கொஞ்சம்.
"தூங்கிகினு கீறான்பா!"

கைப்பையில் பேனா தேடினேன், பழக்கதோஷம்.

வீட்டில், சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன்.
நாயைக் கொண்டுவந்தேன், மாமனாரை, தம்ளரை,
மழையைக்கூட விடவில்லை.
வினைச்சொல்லை நாக்கடியில் வைத்து
கரண்டியை மெல்லக் கீழே வைத்தேன்.
அந்த இடைவெளியில் நுழைந்து அவர் கேட்டார்:
"மோட்டார் போட்டியா?"

போடப் போனேன்.
நாய் இன்னும் தோட்டத்துக் கதவருகே நிற்கிறது,
வாயில் பற்களோடு.