தாழ்ப்பாள்

தங்கச்சிமடத்து அங்கன்வாடி
கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
'பிற குழந்தைகளோடு பழகும் விதம்.'
நேவிசுக்கு அப்போது மூன்று வயது.
நான் எழுதினேன்: கடிக்கிறான்.

அன்று முட்டை நாள்.
ஓட்டை அவனே உரிக்க வேண்டுமாம்;
அவசரத்தில் நான் உரித்துவிட்டேன்.
அவ்வளவுதான்.
தரையில் விழுந்து குதிகாலால் சிமெண்டை உதைத்து,
உரித்ததைத் திரும்ப ஓட்டுக்குள் வைக்கச் சொன்னான்.

யாரால் முடியும்?

பக்கத்திலிருந்த ஸ்டெனிதாவின் முழங்கையில்
எட்டுப் பல் பதிந்த பிறை.
அவனைத் தூக்கிப் போய்
அரிசி மூட்டை அறையில் விட்டுத் தாழிட்டேன்.
கதவு அதிர்ந்தது. அதிர்ந்தது.
அடங்கியது.
அடங்கியதைத் திருந்தியது என்று எடுத்துக்கொண்டு
அந்த வாரக் கட்டத்தில் 'முன்னேற்றம்' என்று போட்டேன்.

வளர்ந்தபின் காதுக்கு வந்தவை
ஒன்றோடொன்று ஒட்டவில்லை.
ஏலக் கூடத்தில் தராசைத் தூக்கி எறிந்தானாம்;
யாரோ ஒரு பொடியனின் நண்டுக்கு
எடை குறைத்ததற்காகவாம்.
சங்கக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு
வெளியே வந்து தன் பைக்கையே உதைத்துச் சாய்த்தானாம்.
கச்சான் பேயாய் அடித்த இரவில்
பேச்சுவார்த்தை இல்லாத மச்சானின் வள்ளத்தைத்
தேடிப் போனதும் அவன்தானாம்.

தன் முட்டையை எல்லாருக்கும் நீட்டிய கிளாட்சனுக்கு
'நல்ல பிள்ளை' என்று எழுதியிருந்தேன்.
போன மாதம் அவன் மனைவி
வெயிலே இல்லாத நாளில்
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
ரேஷனுக்கு நின்றாள்.

தடைக்காலம் முடியாத ஜூனில்
நேவிஸ் மகளைச் சேர்க்க வந்தான்.
செருப்பு வாரை அவளே மாட்ட வேண்டும்.
மாட்டவில்லை.
வீறிட்டாள். அப்பன் கன்னத்தில் பளாரென்று வைத்தாள்.
அவன் கை ஓங்கியது.
பார்த்தேன், ஓங்கியது.
பாரில் சிக்கின நங்கூரம் மாதிரி
அங்கேயே நின்றது.
பிறகு குந்தினான்.
ஒரு வார்த்தை இல்லை.
அவள் விசும்பல் தேயும்வரை
அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சத்துமாவு ஆறிப்போயிற்று.

கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தரும்போது கேட்டான்:
"டீச்சர், அந்த ரூம்ல தாப்பா இன்னும் இருக்கா?"

"எலி வருதுப்பா," என்றேன்,
"அரிசி கெடக்குல்ல."

தலையாட்டினான்.
போகவில்லை.