மறுகா

அரைப்புள்ளியை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் 'மறுகா' என்று வைத்தேன்.

வந்தாறுமூலை. இரண்டாம் மாடி.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும் அறை.
வெண்பலகையில் என் சின்ன மொழி:
ஏழு தொடரியல் விதி, ஒன்பது வகை விதி,
ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே நம்புவது,
கீழே அதனால் வருவது.

பெயர் வை மறுகா கூட்டு மறுகா காட்டு.
கொம்பைலர் முனகாமல் விழுங்கியது.
கொழும்பு விடுதியில் இந்தச் சொல்லுக்காக
நாலு வருடம் சிரிப்பு வாங்கியவள் நான்.
இப்போது அதற்கு ஒரு பொருண்மைச் சமன்பாடு உண்டு,
சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை.
சொல் மாறியிருக்கிறது, மொழி மாறவில்லை என்று எழுதினார்.
நான் அதை இப்படி வாசித்தேன்:
அரைப்புள்ளிக்குச் சாரம் கட்டிவிட்டால்
அது வேறு ஆளா?
மூன்று நாள் திட்டினேன்.
நாலாம் நாள்
அவர் சொன்னது சரியாயிருந்தது.

ஏறாவூர் றுஸ்தா, இறுதி வருடம்,
பலகையை அழிக்க வந்தவள் அழிக்காமல் நின்றாள்.
"மிஸ், மறுகாவ கதை சொல்ற ஆள் சொல்றல்லயே.
கேக்குற ஆள்தானே கேக்கும்,
மறுகா? எண்டு."

அன்று இரவு ஒன்பது விதியில் ஐந்தைக் கிழித்தேன்.

புதிய மொழியில்
முதல் பாதி ஓடும். நிற்கும்.
மீதி மடித்த கடதாசியாய்க் கிடக்கும்.
வெளியே யாராவது மறுகா? என்றால் விரியும்.
பாடநூலில் இதற்குச் சோம்பல் மதிப்பீடு என்று பெயர்.
றுஸ்தா வைத்த பெயர்: வாய் பார்த்தல்.

ஆனால் தேற்றம் உடைந்தது.
சரியான வகையுள்ள எந்தக் கோவையும்
ஒன்றில் பெறுமதியாகும்,
இல்லையென்றால் இன்னோர் அடி எடுத்து வைக்கும்,
நடுவழியில் சிக்காது.
இதுதான் பழைய வாக்கு.
என் கோவைகளோ
அடியும் வைக்காமல், முடியவும் இல்லாமல்
யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு நின்றன.
காத்திருத்தல் வேறு, சிக்குதல் வேறு
என்று நிறுவவேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து வரும் நாலு நாற்பது பஸ்.
செங்கலடியில் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார்,
மடியில் புது அலுமினியச் சட்டி,
விலைத்துண்டு கிழிக்காமல்.
என் மடியில் ஆறாம் கட்டம்,
தொகுத்தறிவு இடறும் இடம்.

மயிலம்பாவெளி தாண்ட அவர் சொன்னார்,
"இந்த ரோட்டாலதான் எங்கட சின்னவன்
சைக்கிள்ல போனவன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ம்" என்றேன்.
தாளிலிருந்து கண்ணெடுக்காத 'ம்'.
கதை கேட்கிறவர் கொட்டும் 'ம்' அல்ல,
கதவு சாத்துகிற 'ம்'.
என் தொடரியலில் அதற்கு விதியே இல்லை.

தன்னாமுனையில் சட்டியோடு இறங்கிப் போனார்.
ஊறணிக்கு வர
துணைத்தேற்றம் தானாக விழுந்தது, இரண்டே வரி:
கேட்பார் இல்லாத கோவை
எதையும் பிழையாக்காது.
இரவு இயந்திரம் சரிபார்த்தது.
மிச்சம் எதுவும் இல்லை என்று பச்சையில் காட்டியது.

கட்டுரை ஏற்கப்பட்டது.
ஒன்பதாம் பக்கத்தில் அந்த இரண்டு வரி
'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.
நான்தான் தட்டச்சுச் செய்தேன்.

போன கிழமை வகுப்பில் றுஸ்தா கேட்டாள்,
"யாரும் கேக்காத கோவை
நினைவகத்தில எவ்வளவு காலம் கிடக்கும் மிஸ்?"

யாராவது ஒருவர்
அதைச் சுட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும், என்றேன்.
அதன் பிறகு துப்புரவு நடக்கும்.
எழுதிக்கொண்டார்கள்.

நாலு நாற்பதுக்குத்தான் இன்னும் போகிறேன்.
அந்த முகம் ஞாபகத்தில் இல்லை.
சட்டியின் விலை
ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.