சாக்குக்குக் கழிவில்லை

லொறி வந்தது பின்னேரம் நாலு மணிக்கு,
மஸ்கெலியாப் பாதையில் மண் சரிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு.
நாற்பத்திரண்டு பொதி.
எங்கள் டிவிசனில் அடுப்பு ஐம்பத்தொன்று.

பட்டியல் எழுதியவன் நான்தான்.
கொழும்பில் சாப்பாட்டுக்கடை பூட்டியதும்
ஒற்றை பேக்கோடு வந்திறங்கியவன்.
கையெழுத்து வடிவாம், பேனையைத் தந்தார்கள்.
ஒபீஸ் அனுப்பிய தாளில்
செக்ரோலில் பேர் உள்ளவர்கள் மட்டும்.
மற்ற ஒன்பது அடுப்பு
எரிந்தாலும் கணக்கில் புகையாது.

பென்சன் எடுத்த மருதவீரன்.
கைக்காசுக்குப் புல்லு வெட்டுகிற இரண்டு வீடு.
அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டுப்
பதினொரு வருசமாய்ப் பார்த்திருக்கும் சடைச்சி.
பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் தகரம் சாய்த்திருக்கிற,
ஊமையன் என்று நாங்கள் கூப்பிட்ட மனுசன்.
அவருக்கொரு பேர் இருக்குமென்று
அன்றைக்குத்தான் தோன்றியது.
தகரத்து ஈரத்தில் விரலால் எழுதிக் காட்டினார்:
ராசரெத்தினம்.
என்னைவிட நல்ல கையெழுத்து.

"பொதியைப் பிரிங்க" என்றாள் யோகமலர்.
மடுவத்துச் சாவி எப்படி அவளிடம் வந்தது,
நான் கேட்கவில்லை.

அந்தத் தராசை எங்களுக்குத் தெரியும்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து கொண்டுபோனால்
பதினாறு சொல்லும்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
இருபது வருசம் அதன் முன்னால் குனிந்து நின்றவள்
அன்றிரவு முள்ளுக்கு நேரே கண்ணை வைத்தாள்.
கொக்கியில் மாவு தொங்கியது.
"சாக்குக்குக் கழிக்கவா?" என்றேன் பகிடிக்கு.
முகக்கவசத்துக்கு மேலே
சிரித்தாளா முறைத்தாளா, விளங்கவில்லை.

ஆளுக்கு நாலு கிலோ நூறு.
பருப்பு சுண்டால், சீனி கைப்பிடிக் கணக்கு.

டின்மீனை மட்டும் பிரிக்க முடியவில்லை.
சண்டை வந்தது; அதை மறைக்க மாட்டேன்.
"வேலை செய்தவனுக்கு வந்ததை
வேலையில்லாதவனுக்கு ஏன்?"
கேட்டது என் சொந்தச் சித்தப்பா.
நாலைந்து வீடு
டின்னைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தின.
காத்தாயி ஒருத்தி தன்னுடையதைத் திறந்து
மூன்று கோப்பையில் ஊற்றினாள்,
எண்ணி, ஒரு துண்டு கூடக்குறைய வராமல்.
அன்றிரவு சித்தப்பா வீட்டில் நான் சாப்பிடவில்லை.
ஆனால் வாசம் வந்தது. நல்ல வாசம்.

கடைசி லயத்தில் ஞானசெல்வி வீட்டுக்குச்
சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.
கயிறு கட்டிய எல்லையில், உடுப்புத் துவைக்கிற கல்லில்
அவர்கள் பங்கை வைத்துவிட்டுக்
கூப்பிட்டுவிட்டு ஓடிவந்தேன். ஓடித்தான் வந்தேன்.

விடியப் பார்த்தால் அதே கல்லில்
சவுக்காரம் போட்டுக் கழுவிய டின்மீன்.
உள்ளேயிருந்து இருமலோடு சத்தம்:
"எங்க மூணு பேருக்கும் நாக்குல ருசியே இல்ல தம்பி.
மண்ணும் ஒண்ணு மீனும் ஒண்ணு.
ருசி தெரிஞ்சவுங்களுக்குக் குடு."

தொடப் பயம். விடவும் மனசில்லை.
குச்சியால் தள்ளித் தள்ளி
பீலிக்கரை மதிலில் ஏற்றினேன்.
இரண்டு நாள் வெயிலிலும் தூறலிலும் இருந்தது.
தண்ணிக்கு வந்த எல்லாரும் பார்த்தார்கள்.
சித்தப்பாவும் பார்த்தார்.

மூன்றாம் நாள் டின் இல்லை.
பட்டியலில் அதற்கொரு வரி விட்டு வைத்திருந்தேன்.
யாருடைய பேரையும்
அதில் எழுதவில்லை.