நாலாவது கல்

தாமரைக்கரையில் எங்களை இறக்கிவிட்டு
பஸ் பர்கூர்ப் பக்கம் முனகிக்கொண்டு போனது.
கையில் மஞ்சள் எனாமல் ஒரு டப்பா, பிரஷ் இரண்டு,
டர்ப்பன்டைன் நாற்றம் ஊறிய பை.
கல்லுக்கு எழுநூறு. மொத்தம் ஏழு கல்.
அடுத்த மாதம் திறக்கப்போகும் ட்ரெக்கிங் பாதைக்குக்
கிலோமீட்டர் எழுதவேண்டும்.

அந்தியூரில் 'மாட்டுத்தீவனம்', 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்'
எழுதுகிற கை இது.
காட்டுக்கு எழுதுவது முதல் தடவை.

முன்னால் ஜடையன், வனத்துறை வாச்சர்,
காலை வைக்கும் முன்னே மூக்கை வைக்கிற ஆள்.
பின்னால் கோகிலவாணி, சேலத்துக் கல்லூரி,
இடுப்பில் சுத்தியல்.
நடுவில் நான், மூச்சு வாங்கிக்கொண்டு.

எங்களூர் இட்டேரிக்கு இரண்டு பக்கமும் கிளுவை வேலி;
எந்த மடையனும் தொலைய முடியாது.
இங்கே பாதை என்பது
புல் கொஞ்சம் தயங்கி நிற்கிற இடம்,
அவ்வளவுதான்.
"யாரு போட்ட தடம் ஜடையா?"
"ஆனெ போட்டது. நாங்க பின்னால போனோம்.
இப்ப நீங்க நம்பர் போடறீங்க."

மூன்றாவது கல் தாண்டி மூங்கில் முடிந்தது.
கீழே ஏரி, பாதி தண்ணீர், பாதி கோரை.
மேலே சாம்பல்நிறப் பாறைச் சரிவில்
கறுப்பாய் ஒரு பட்டை,
சுவரில் மழைத்தண்ணி வழிந்தாற்போல.
"வழியலைங்க, கீழிருந்து ஏறினது" என்றாள் வாணி,
"உருகின கல்."

"அப்ப எரிமலைங்களா?"

"ஆகியிருக்கலாம். மேலே வர வழி கிடைக்கலை.
உள்ளேயே நின்னு, உள்ளேயே ஆறி,
மேல மூடியிருந்ததை மழை அரிச்ச பின்னாடிதான்
வெளிச்சத்துக்கு வந்துச்சு."

கையை வைத்துப் பார்த்தேன். மத்தியான வெயிலின் சூடுதான்.
ஆனாலும் எடுக்கச் சித்தே நேரமானது.

என் தம்பியிடம் சொல்ல
வாய்வரை வந்து நான் விழுங்கிய பேச்சு ஒன்று,
பதினோரு வருஷமாய் இருக்கிறது.
கிணற்றுப் பங்கு பற்றியது.
அதை இங்கே எதற்குச் சொல்கிறேன்?

நாலாவது கல் அந்தப் பட்டையிலிருந்து உருண்டது.
கறுப்பில் மஞ்சள் நன்றாக எடுக்கும்.
4-ஐக் கொஞ்சம் ஆசையாகவே எழுதினேன்,
வாலுக்கு ஒரு நெளிவு கொடுத்து.
பெயிண்ட் காயவில்லை;
ஜடையன் கையை உயர்த்தினான்.

பாறைமேல் ஏறிக் குப்புறப் படுத்தோம்.
ஐந்து யானை.
ஒரு சுள்ளி முறிகிற சத்தமில்லை.
பெரியவள் கல்லருகே நின்றாள். மோந்தாள்.
டர்ப்பன்டைன் பிடிக்கவில்லை போல,
பெரிதாய் ஒரு மூச்சு விட்டாள்.
பிறகு திரும்பி, கட்டுத்தறியில் மாடு தேய்ப்பதுபோல
நிதானமாய்ப் பின்தொடையைத் தேய்த்தாள்.

ஏரிக்கு இறங்கும்போது பார்த்தோம்:
தொடையில், கண்ணாடியில் தெரிவதுபோல்
இடம்வலம் மாறிய 4,
நெளிவு கலையாமல்.
வாணி சட்டைக்கையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.
நாலு கிலோமீட்டர்
தண்ணீருக்குள் நடந்தது,
முங்கி எழுந்தது,
அக்கரையில் ஏறி மூங்கிலுக்குள் போனது.

கல்லில் மிச்சம் ஒரு தீற்றல்.
"மறுபடி எழுதட்டுமா?"
"எதுக்கு?" என்றான் ஜடையன்,
"அது சரியாத்தான் போகுது."

மிச்சம் மூன்றையும் முடித்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.
ரேஞ்சு ஆபீசில் பில் எழுதினேன்:
ஆறு கல், நாலாயிரத்து இருநூறு.
"ஏழுன்னு பேசினமே?" என்றார் கிளார்க்.
"ஒண்ணு நடந்துட்டிருக்குங்க."
நிமிர்ந்து பார்த்தார். சீல் குத்தினார்.

அந்தியூர் பஸ்ஸில்
தம்பி நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன்.
வரட்டுப்பள்ளம் தாண்டும்வரை சிக்னல் இல்லை.
தாண்டினபிறகு இருந்தது.