மூன்று யூரோவுக்கு

சென்னை, தோஹா, ஹெல்சின்கி, பிறகு ரயில்.
எந்த ஊரில் எந்தக் கால் வீங்கியது என்று
இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.
தம்பெரேயில் காலை ஒன்பது மணி;
இரவு இன்னும் ஷிப்ட் முடித்துக் கிளம்பவில்லை.
பனி சுரண்டும் வண்டி பின்வாங்கும்போதெல்லாம்
கீக் கீக் என்கிறது என் ஜன்னலடியில்.
பையில் சாம்பிளுக்கு மூன்று பம்பு சீல்கள்.
சுங்கத்தில் ஒருவர் அவற்றை மோந்து பார்த்தார்.

கூட்ட அறையில் இருவர்.
மார்யுத், கொள்முதல். ராய்மோ, பராமரிப்பு.
காபி வெளிர், ஆனால் தீரத் தீர வருகிறது.
விலையைச் சொன்னேன்.
அவர்கள் பேசவில்லை.

நம்மிடம் விலை கேட்டவர்
"என்னம்மா அநியாயமா இருக்கு" என்பார்,
கதவு வரை போவார், டீ வரும், திரும்பி உட்காருவார்.
அதில் எந்தப் படியில் இறங்கி நிற்பதென்று
இருபது வருடமாகத் தெரியும் எனக்கு.
இங்கே படியே இல்லை.
எட்டு நொடி. பத்து.
"இரண்டு சதவீதம் குறைக்கலாம்" என்றது என் வாய்.
ராய்மோ வெளியே பார்த்தார், ஏரி இருக்கும் திசையில்.
"சரி, மூன்று. சரக்குக் கட்டணமும் எங்களுடையது."
மார்யுத் எதையோ குறித்துக்கொண்டார்,
பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில்.

பதினொரு மணிக்கே மதியச் சாப்பாடு.
வியாழன் என்றால் பட்டாணி சூப்பாம்,
பட்டாளத்திலும் பள்ளியிலும் இந்தக் கேன்டீனிலும்.
பச்சை மங்கிய கெட்டிக் குழம்பின் மேல்
கடுகு விழுதைப் பிழிந்து கலக்க வேண்டும்.
எண்ணெயில் வெடிக்காத கடுகு இப்படிக் காரும் என்று
நாற்பத்தாறு வயதில் என் மூக்குக்குத் தெரிந்தது.
அப்புறம் தோசை மாதிரி ஒன்று, ஜாம் வைத்து.
தோசை என்றது தப்பு.
பால், முட்டை, கோதுமை. அதற்கென்று ஒரு பெயர் உண்டு,
மார்யுத் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தும்
என் நாக்கு அதை நடுவில் உடைத்துப் போட்டது.
எழும்போது ராய்மோ ஒரு கறுப்பு மிட்டாய் நீட்டினார்.
உப்பு. தார். இருமல் மருந்து.
துப்ப இடமில்லை.

மறுநாள் ரயிலுக்கு முன்
சந்தைக்குக் கூட்டிப்போனார், எதற்கென்று சொல்லாமல்.
மைனஸ் பதினாறு. மூக்கு மயிர் முள்ளாகிறது.
தகரத் தட்டில் சுருண்டு ஆவி விடும்
கறுப்புத் தொத்திறைச்சி: பன்றி ரத்தம், ரை மாவு.
ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியல் கண்ட வயிறு
இதற்கெல்லாம் அசராது.
பக்கத்தில் ஊற்றிய சிவப்புப் பழ ஜாமைப் பார்த்துத்தான்
கொஞ்சம் யோசித்தது.

இங்கே கிராம் சொல்லிக் கேட்பதில்லை,
நீளம் சொல்லியும் இல்லை.
"மூன்று யூரோவுக்கு" என்றார் ராய்மோ.
கடைக்காரம்மா கத்தியை ஓரிடத்தில் வைத்து
நிமிர்ந்து பார்த்தார்.
ராய்மோ பேசவில்லை.
கத்தி ஒரு விரற்கடை நகர்ந்தது.
பேசவில்லை.
இன்னும் அரை விரல்.
தலையசைத்தார். வெட்டு விழுந்தது.

பெஞ்சில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தோம்.
தோல் பல்லில் சற்றே இழுத்தது, உள்ளே மெத்து,
புளித்த ஜாம் ரத்தத்தின் இரும்பைக் கழுவிக்கொண்டு போனது.
குடிக்க அட்டை டப்பாவில் பால், பல் கூசும் பால்.
பாதி தின்றபின் ராய்மோ சொன்னார்,
இரண்டு நாளில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம்:
"முதலில் சொன்ன விலையே பரவாயில்லை.
நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம்."

சிரித்தேனா புரையேறியதா, தெரியாது.
புறா ஒன்று கிட்ட வந்து போயிற்று.
அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை,
நானும் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.
வெளிச்சம் ஒருவழியாக வந்து
எதிர்க் கூரையின் பனியில் மட்டும் உட்கார்ந்தது.

போன் அடித்தது. கோதண்டம் சார்.
"என்ன ஆச்சு? எவ்வளவுக்கு முடிஞ்சுது?"
கையுறையில் ஜாம்.
"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?
பரவால்ல, அஞ்சு வரைக்கும் விட்டிருந்தாலும்
பார்த்துக்கலாம். ஹலோ?"
வாய் நிறையத் தொத்திறைச்சி.
லைனில்தான் இருந்தேன்.