சேராங்கொட்டை மை

சாயங்காலத்துக்குள் தமிழில் வேண்டும் என்றார் குணாளன்.
நாலு வரி போதும், எவனும் படிக்கப் போவதில்லை,
கீழே பெரிதாய்ப் பச்சைப் பொத்தான்:
ஒப்புக்கொள்கிறேன்.

எம்.சி. ரோடு, மூன்றாவது மாடி.
லிஃப்ட் மூட்டைகளுக்கு. ஆட்களுக்குப் படி.
நைட்டி, உள்பாவாடை, உள்பாடி,
எல்லாம் இப்போது ஆன்லைனில்.
கீழே கூவி அழைக்கும் பையன்களுக்குத் தெரியாது
தலைக்கு மேலே ஒரு கடை சத்தமில்லாமல் நடப்பது.

குக்கீ என்று அடித்துவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேக்கிங் டேப்பைப் பல்லால் கடித்தபடி எட்டிப் பார்த்த ஜெசிந்தா
"இன்னாடி, பிஸ்கெட்டும் விக்கப் போறாரா?" என்றாள்.

எப்படிச் சொல்வது.
வந்தீர்கள். ஊதாப்பூ போட்டதை
மூன்று முறை திறந்தீர்கள், மூன்று முறை மூடினீர்கள்.
இரவு ஒன்றே முக்காலுக்கு மறுபடி வந்தீர்கள்.
வாங்கவில்லை.
நீங்கள் வாங்காததையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கூடுதல் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் ஊரே இருக்கிறது.
கொடுங்கையூர்: மணி அடிக்காதீங்க, நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குது.
காசிமேடு: ஐஸ் கம்பெனியாண்ட வந்து போன் பண்ணுங்க,
பக்கத்து வீட்ல குடுத்துடாதீங்க.
வியாசர்பாடியில் ஒருத்தி, தெருப் பெயருக்குப் பதிலாக:
போன மழைக்குத் தண்ணி நின்ன தெரு.

அப்போதுதான் துலுக்காணம் அண்ணன் ஞாபகம் வந்தது.
எங்கள் சந்துக்கே வெளுக்கிறவர்.
காலருக்கு உள்ளே சேராங்கொட்டை மையில்
வீட்டுக்கு ஒரு குறி போடுவார்.
எங்களுக்கு ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி.
பள்ளிக்கூடம் முடியும்வரை பிடரியில் அதைச் சுமந்தேன்,
அது நான்தான் என்று தெரியாமல்.
போட்டவருக்குத்தான் படிக்கத் தெரியும்.

இதுதான் குக்கீ என்று வேகமாக அடித்தேன்.
பிறகு அழித்தேன்.
துலுக்காணம் குறி போட்டது
சட்டையைச் சரியான வீட்டில் திருப்பித் தர.
நாங்கள்?

ஆறரைக்கு இறங்கிக் கடலை வாங்கினேன்.
மெட்ரோ வாசலில் மணலில் வறுக்கிற வண்டி.
பொட்டலத்தின் அடி வரை தின்றபிறகு
காகிதத்தைப் பிரித்தேன், வழக்கம்போல, படிக்க.
எங்கள் கடை பில்.
பழைய பில்களை எடைக்குப் போடுவது தெரியும்.
எடைக்குப் போட்டது எங்கே போகிறதென்று யோசித்ததில்லை.

ரெஜினாமேரி. திருவொற்றியூர்.
கைப்பேசி எண், பத்து இலக்கமும், ஒன்றுகூட அழியாமல்.
கூடுதல் குறிப்பு:
உள்பாடி இடது பக்கம் மட்டும் பஞ்சு வைத்துக் கிடைக்குமா.
பார்சல் மேல் என்ன பொருள் என்று எழுத வேண்டாம்.
பையன் வாங்குவான்.

எச்சில் தொட்டு அந்த வரியைத் தேய்த்தேன்.
காகிதம்தான் நைந்தது.
பக்கத்தில் இரண்டு பேர் அதே வண்டியில் வாங்கி
யார் யாரையோ பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்று மாடி திரும்ப ஏறினேன்.
ஜெசிந்தா போய்விட்டிருந்தாள். விளக்கைப் போட்டு எழுதினேன்:

உங்கள் மேல் ஒரு குறி போடுகிறோம்.
அது உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்,
கூரியர்காரருக்கும், விளம்பரக்காரருக்கும்,
எனக்கே பெயர் தெரியாத இன்னும் பதினேழு பேருக்கும்.
வேண்டாம் என்றாலும் துணி கிடைக்கும்.

நாலு கேட்டார், ஐந்தாகிவிட்டது.
வேண்டாம் என்பதற்கும் ஒரு பொத்தான் வைத்தேன்,
அதே பச்சை, அதே அகலம்.
காலையில் குணாளன் வந்து அதைச் சாம்பல் நிறமாக்குவார்,
ஓரத்துக்குத் தள்ளி எறும்பளவு செய்வார், எனக்குத் தெரியும்.
இன்று ஒன்றே முக்காலுக்கு வருகிறவர்களுக்காவது இருக்கட்டும்.

காகிதம் என் கைப்பையில், டிஃபன் பாக்ஸுக்கு அடியில்.
கிழிக்க மனமில்லை, வைத்திருக்கவும் கூடாது.
திருப்பித் தரலாம்.
முகவரி என்னிடம் இருக்கிறது.
அதுதான்.