சுட ஒன்றுமில்லாத விளையாட்டு

காலை ஏழே முக்கால்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து
மெக்காலம் அடுக்குமாடியின் கீழே என்னைத் துப்பிவிட்டுப் போகிறது.
பதினோராம் மாடி. லிஃப்ட் இன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்குமாம்.
அதிர்ஷ்டம்.

கோப்பி ஓ பொட்டலத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி,
திரைச்சீலையை இழுத்துவிட்டு,
ஊருக்கெல்லாம் விடிகையில் எனக்கு மட்டும்
ஓர் இரவு செய்துகொள்கிறேன்.
ஹெட்போன்.
தொடங்கு.

முதலில் ஒரு கடற்கரை. மணல் இல்லை, பியானோக் கட்டைகள்.
நடந்தால் ஒலிக்கும். நின்றால் கடலும் நிற்கும்.
குனிந்து பார்க்கிறேன்.
எனக்குக் கால் இல்லை.
இந்த மாதிரி விளையாட்டுகளில் அநேகமாக யாருக்கும் இருப்பதில்லை,
கண்தான் நடக்கும்.
எனக்கு அது பழக்கம்.
பன்னிரண்டு மணி நேரம்
வெள்ளை உடைக்குள், வெள்ளை முகமூடிக்குள்,
சிலிக்கான் தட்டில் மூச்சுப் படாமல்
இரண்டு கண்ணாக நின்றுவிட்டு வருகிறவள்.

"யாரைச் சுடணும்?" ஷர்வின் கேட்டான், ஈப்போவிலிருந்து.
"யாரையும் இல்ல."
"அப்ப எப்படி ஜெயிப்ப?"
"தெரியல. ஒரு திமிங்கிலத்தோட வயித்துக்குள்ள
தபேலா மாட்டியிருக்கு. நேத்து மூணு மணி நேரம்
அதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."
கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
பிறகு, "லீவு எடு லா" என்றான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே,
இங்கே செவிடன் சங்குக்குள் போய்விடுகிறான்.
உள்ளே படிக்கட்டு. சுவரெல்லாம் காது.
ஒன்றில் மழை.
ஒன்றில் யாரோ வெங்காயம் நறுக்கும் தாளம்.
ஒன்று, நான் நெருங்கினால்
வெட்கப்பட்டு மூடிக்கொள்ளும்.
நிறத்தைக் கேட்டால்தான் பாலம் வரும்.
மஞ்சள் என்றால் இரண்டு வயலின்.
நீலத்தை இன்னும் நான் சரியாகக் கேட்கவில்லை,
மூன்று தடவை விழுந்தாயிற்று.
விழுவதும் நன்றாகத்தான் இருக்கிறது,
மேலிருந்து அடி வரை
ஒரே இழுப்பாக ஒரு செல்லோ.

நான்கு நாளாக ஒரு கதவின் முன் நிற்கிறேன்.
ஏழு பூட்டு. ஆறு திறந்துவிட்டன.
ஏழாவதன் மேல் ஒரு மைக்கின் படம்,
கீழே ஒரு வரி. எனக்கு அது தமிழில்தான் கேட்டது:
குரல் கொடு.
ஐந்தாம் படிவத்தில் தேர்வுக்கு உருப்போட்டது
எங்கிருந்தோ எழுந்து வந்தது.
குரல் துத்தம் கைக்கிளை உழை இளி விளரி தாரம்.
அன்று நாலு புள்ளி.
முதல் சுரத்துக்கே பெயர் குரல்.
அதுதான் என்னிடம் இல்லை.
பாடமாட்டேன். குளியலறையில்கூட.

இருப்பது ஓர் இரைச்சல்.
ஆறு வருஷமாகக் காதுக்குள் குடியிருக்கிறது,
வாடகை தராமல்.
காற்று வடிகட்டிகளின் ஒரே சுருதி.
மருத்துவர் அதற்கொரு பெயர் சொன்னார், மறந்துவிட்டது.
படுத்தால் தலையணைக்குள்ளும் ஓடும்.

இன்று மைக்கை அணைக்க மறந்து கொட்டாவி விட்டேன்.
பூட்டு லேசாக அசைந்தது.

சரி என்று
காதுக்குள் ஓடுவதை வாயால் பிடித்தேன்.
ம்ம்ம்ம்ம்
கூட்டாமல், குறைக்காமல், இயந்திரத்தின் அதே சுருதி.
அதே நேரம் கீழே துறையில்
பட்டர்வொர்த் ஃபெரி ஒரு தடவை அலறியது.
யாருக்குத் திறந்ததோ, தெரியாது.
கதவு இல்லை.

அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அறை.
தட்டுகள் இல்லை, வடிகட்டி இல்லை, மேற்பார்வையாளர் இல்லை.
அவ்வளவு அமைதியை எனக்குக் கேட்கத் தெரியவில்லை,
ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
பிறகு குனிந்தேன்.

இரண்டு கால்.
வலது பெருவிரலில்
பாதி உரிந்த சிவப்புச் சாயம்.

அசைத்தேன்.
எங்கேயோ ஒரு கட்டை ஒலித்தது.
மேசைக்கடியில் என் காலையும் அசைத்துப் பார்த்தேன்,
அது சில்லென்ற சிமெண்டில் பட்டது.
ஜன்னலில் கோப்பிப் பொட்டலம்
எறும்பு ஏறி
இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.